நாற்பத்திரண்டு ஜி.பி.

மே 29, திங்கள்

பழுது எங்கே என்று தெரியாதபோது முதலில் செய்ய வேண்டியது நேரத்தையும் அளவையும் எழுதி வைப்பது. மின்வாரியத்தில் முப்பத்து நாலு வருடம், அதில் கடைசிப் பதினோரு வருடம் போர்மேனாக, அப்படித்தான் வேலை பார்த்தேன். அதனால் யாரோ கொடுத்து எழுதாமல் கிடந்த இந்த டைரியை எடுத்திருக்கிறேன்.

காலை 10.00. தம்பி குழந்தைவேலின் மகள் கல்யாண வீடியோவை இன்டர்நெட்டிலிருந்து இறக்க ஆரம்பித்தேன். மொத்தம் நாற்பத்திரண்டு ஜி.பி. ஆறு மணி நேரம் ஆகும் என்றது கம்ப்யூட்டர். 10.15க்குக் கேட்டால் நாலு நாள் என்றது. 10.30க்குப் பதினோரு நாள். வேளைக்கு ஒரு பேச்சுப் பேசுகிறவனை எங்கள் செக்‌ஷனில் ஒரு வாரம் வைத்திருக்க மாட்டேன்.

கல்யாணம் இந்த மாதம் பதினோராம் தேதி கோபியில் நடந்தது. வெட்டி ஒட்டிய இரண்டு மணி நேர வீடியோவை ஸ்டுடியோக்காரர்கள் போன வாரமே கொடுத்துவிட்டார்கள், பார்த்தாயிற்று. இது வெட்டாத முழுசு. ஜூன் 9 மாலை ஆறு மணி வரைதான் லிங்க் வேலை செய்யும், அதன் பிறகு அழித்துவிடுவோம் என்று குழந்தைவேலுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார்கள். அவன் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. பெரியப்பன் நான் இறக்கி வைத்துக் கொடுத்தால் ஒரு உதவி. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

மாலை 7.00. அரை மணி நேரம் நிறுத்தி வைத்தேன். மோடத்துக்கும் ஓய்வு வேண்டும்.

மே 30, செவ்வாய்

இரவு படுக்கப் போகும்போது கம்ப்யூட்டர், மோடம் எல்லாவற்றுக்கும் மெயினை அணைத்துவிட்டுப் போவது என் வழக்கம். ஆள் பார்க்காத நேரத்தில் எந்தச் சாமானும் ஓடக் கூடாது. காலையில் போட்டுப் பார்த்தால் நேற்று இறக்கிய மூன்று ஜி.பி.யும் போய்விட்டது. திரும்பவும் பூச்சியத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டுமாம். பாதிக் கம்பம் நட்டுவிட்டுச் சாப்பிடப் போனால் குழியை மூடிவிட்டுப் போகிற ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை.

சம்பூரணம் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, அதுதான் ரெண்டு மணி நேரத்துக்கு வீடியோ இருக்கிறதே, இன்னும் எதற்கு என்று கேட்டாள். முழுசாக இருப்பது நல்லது என்றேன். முப்பத்தாறு வருடம் குடித்தனம் செய்தவள். அதற்கு மேல் கேட்கவில்லை.

இன்று சரிபார்த்தவை: திறந்து கிடந்த பக்கங்களை எல்லாம் மூடினேன். பின்னால் கம்ப்யூட்டர் தானாகவே எதையோ அப்டேட் செய்துகொண்டிருந்தது, யாரைக் கேட்டுச் செய்கிறது என்று தெரியவில்லை, அதையும் நிறுத்தினேன். வைரஸ் இருக்கிறதா என்று தேடினேன், இல்லை. காலையில் பத்து நிமிடம் நன்றாக ஓடுகிறான். பிறகு படுத்துக்கொள்கிறான்.

மாலை 7.00. நிறுத்தம். சம்பூரணம் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குக் காற்று வாங்கப் போனாள். ஆறு வருடமாக ஏழு மணிக்குக் காற்று வாங்குகிறாள். ஐப்பசி மழையில்கூடக் குடை பிடித்துக்கொண்டு போய்க் காற்று வாங்கியிருக்கிறாள்.

மே 31, புதன்

கம்பெனிக்குப் போன் செய்தேன். மோடத்தை அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள் என்றது ஒரு பெண் குரல். போட்டுவிட்டேன் அம்மா என்றால் மறுபடியும் அதையே சொன்னது. பதிவு செய்த குரல் என்று பிறகுதான் தெரிந்தது. ஏழு முறை அணைத்துப் போட்டேன். ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் ஓடியது.

மோடம் கூடத்தில் இரும்பு பீரோ மேல் இருக்கிறது. தூசி படாமல் இருக்க ஒரு துணி உறை. பச்சைத் துணி, மஞ்சள் நூலில் ஒரு கிளி. கிளி என்று சொன்னால்தான் கிளி. முன்பு அந்த இடத்தில் இருந்த டெலிபோனுக்குத் தைத்தது. போன் போய் மோடம் வந்தபோது அளவு சரியாக இருந்ததால் அப்படியே மாட்டியாயிற்று. உறையைக் கழற்றி உதறி, மோடத்தைத் துடைத்து, மறுபடி மாட்டினேன்.

ஜூன் 1, வியாழன்

நம் பகுதிக்கு இணைப்புக் கொடுக்கிற ராயப்பனை வரச் சொன்னேன். வயது ஐம்பதுக்கு மேல், கேபிள் டி.வி. காலத்திலிருந்து எங்கள் கம்பத்தில் ஏறுகிறவர். வந்ததும் உறையைக் கழற்றி நாற்காலியில் போட்டார். மோடத்தின் மேல் உள்ளங்கையை வைத்துவிட்டு உடனே எடுத்துக்கொண்டார்.

"ஏனுங் சார், இதுல தோசை ஊத்தலாமாட்ட இருக்குது."

அரை மணி நேரம் இருந்தார். வயரை மாற்றினார். பாதியில் நின்றாலும் நின்ற இடத்திலிருந்தே தொடர்கிற மாதிரி ஒரு மென்பொருளைப் போட்டுக் கொடுத்தார். அவர் இருந்தவரை வேகம் நொடிக்கு மூன்று எம்.பி.க்குக் குறையவில்லை. ஐந்து ஜி.பி. வந்துவிட்டது. இனி ஒன்றும் தொந்தரவு இருக்காது, மூடி மட்டும் வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பகல் 12.30. பழையபடி நாற்பது கே.பி. காரணம் தெரியவில்லை.

தூசிக் காலம் இது. மூடாமல் எப்படி வைப்பது.

ஜூன் 2, வெள்ளி

எட்டு ஜி.பி. சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை.

ஜூன் 3, சனி

குழந்தைவேல் போன் செய்தான். அவனுக்கு அந்த லிங்க்கைப் பற்றிய நினைப்பே இல்லை. எனக்காகச் சிரமப்படாதீர்கள், எங்களுக்கு அந்த ரெண்டு மணி நேரமே போதும் என்றான். பிறகு கொஞ்சம் இழுத்து இழுத்துச் சொன்னான்.

"வெட்டச் சொன்னது நாந்தானுங்ணா. நம்ம தமயந்தி வந்து நின்ன பக்கமெல்லாம் இருந்துச்சு. நீங்க பாத்தாச் சங்கடப்படுவீங்கன்னு எடுத்துரச் சொல்லிட்டனுங்க."

சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். அவனை யார் கேட்டார்கள்? அந்த ரெண்டு மணி நேரத்தை நான் மூன்று முறை பார்த்திருக்கிறேன். சமையல்காரர் வடை தட்டுவதற்கு நாலு நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

தமயந்தி என் மகள். ஒரே மகள். ஆறு வருடத்துக்கு முன்னால் தனக்குப் பிடித்த பையனை ரிஜிஸ்டர் ஆபீசில் கட்டிக்கொண்டாள். வேறு ஆட்கள். அன்றைக்கு வாசலில் வந்து நின்றவளை உள்ளே விடவில்லை. தெருவே பார்த்தது. கூடத்தில் மாட்டியிருந்த அவளுடைய படங்களை எல்லாம் அன்று மாலையே இறக்கிவிட்டேன். இப்போது ஓசூரில் இருக்கிறார்கள். நாலு வயதில் ஒரு பையன் இருக்கிறானாம்.

கோபி மண்டபத்தில் வரவேற்பு அன்று நான் முன் வரிசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தமயந்தி வந்துகொண்டிருக்கிறாள், கார் திரும்பிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். ஜெனரேட்டர் சத்தம் சரியில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து சமையல்கட்டுப் பக்கக் கதவு வழியாகப் போனேன். அவள் உள்ளே வருவதற்கு முன்பே போய்விட்டேன், அவள் என்னைப் பார்க்கவில்லை. அவர்கள் கிளம்பிப் போகும் வரை ஒன்றரை மணி நேரம் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஜெனரேட்டரில் ஒரு குறையும் இல்லை.

மாலை 7.00. நிறுத்தம்.

ஜூன் 4, ஞாயிறு

பதினாலு ஜி.பி. கம்ப்யூட்டர் மேஜையைப் பீரோவுக்குப் பக்கமாக நகர்த்தினேன். வைஃபை வேண்டாம் என்று மோடத்திலிருந்து நேராக வயர் இழுத்தேன். பலன் இல்லை. பிறகு ஸ்டூல் போட்டு, டேபிள் ஃபேனை அதன்மேல் வைத்து, மோடத்துக்கு நேராகத் திருப்பி ஓட விட்டேன். எங்களுக்குக் காற்று இல்லை. சம்பூரணம் முந்தானையால் விசிறிக்கொண்டே சிறிது நேரம் வேடிக்கை பார்த்தாள்.

"காச்சக்காரனுக்குக் கம்பளியப் போத்தி உட்டுப்போட்டுக் காத்தாடியப் போட்டாப்பல இருக்குதுங்க" என்றாள்.

ஸ்டுடியோவுக்கே நேரில் போய் வாங்கிவிடலாம், ஈரோடு எவ்வளவு தூரம். போனால் எதற்கு என்று கேட்பார்கள்.

ஜூன் 6, செவ்வாய்

இருபது ஜி.பி. ராயப்பன் இந்தத் தெருவில் வேறு வீட்டுக்கு வந்தவர், எப்படி இருக்கிறது என்று எட்டிப் பார்த்தார். பச்சை உறைக்குள் இருந்த மோடத்தையும், அதன்மேல் காற்று வாங்கிக்கொண்டிருந்த கிளியையும் பார்த்தார்.

"நீங்க போர்மேனா இருந்தவருங் சார். ட்ரான்ஸ்பார்மருக்கு யாராச்சும் சட்டை போட்டு வச்சா உட்டுட்டு வருவீங்களா?"

விட மாட்டேன். மீட்டர் பெட்டி மேல் ஈரத்துணி காயப் போட்டதற்கு ஒரு ஹெட்மாஸ்டரையே நடுத்தெருவில் நிறுத்திச் சத்தம் போட்டிருக்கிறேன். ஆனால் அவரிடம் அதைச் சொல்லவில்லை. உங்கள் லைனில் குறையை வைத்துக்கொண்டு என் வீட்டுத் துணியைப் பேச வேண்டாம் என்றேன். இன்னும் இரண்டு வார்த்தை கூடவே சொல்லிவிட்டேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். நல்ல மனிதர். மழையில் நனைந்துகொண்டு வந்து லைன் கொடுத்துவிட்டுப் போனவர்.

சம்பூரணம் சமையலறையிலிருந்து வெளியே வந்தாள்.

"அவுரு சொன்னது உங்களுக்கு மொதல் நாளே தெரியும்."

"தெரியும்" என்றேன்.

இதைப் பொய்யாக எழுதி வைப்பதில் அர்த்தம் இல்லை. மே 29 காலை பத்தேகாலுக்கே எனக்குத் தெரியும். உறை தமயந்தி ஒன்பதாம் வகுப்பில் தையல் பாடத்துக்குத் தைத்தது. டீச்சர் பத்துக்கு ஆறு மார்க் போட்டாள். அதற்காக அழுத பிள்ளையைச் சமாதானப்படுத்த நான்தான் அதை டெலிபோனுக்கு மாட்டி, வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டினேன். படங்களை இறக்கிய அன்று உறையை யாரும் கவனிக்கவில்லை. நானும் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன். இந்த வீட்டில் வெளியில் தெரிகிற மாதிரி அவளுடையது என்று இருப்பது அது ஒன்றுதான்.

ஜூன் 7, புதன்

இருபத்திரண்டு.

ராயப்பனுக்குப் போன் செய்து, வயதாகிவிட்டது, வாய் நிற்பதில்லை என்றேன். பரவாயில்லைங் சார் என்றார்.

ஜூன் 8, வியாழன்

இருபத்தைந்து ஜி.பி. மீதி பதினேழு. இந்த வேகத்தில் ஒரு நாளைக்கு மூன்று வருகிறது. நாளை மாலை ஆறு மணிக்கு லிங்க் முடிகிறது. கணக்கு எனக்கு நன்றாகவே வரும்.

ஆனாலும் மாலை ஏழு மணிக்கு நிறுத்தினேன். இதையும் எழுதிவிடுகிறேன். மோடத்துக்கு ஓய்வு ஒன்றும் இல்லை. மாடியில் சம்பூரணம் வீடியோவில் மகளிடம் பேசுகிறாள். நான் கீழே இறக்கிக்கொண்டிருந்தால் அவர்கள் முகம் உறைந்து உறைந்து போகும். ஒரு தடவை சிரமப்பட்டு மாடிப்படி பாதி ஏறி நின்று கேட்டிருக்கிறேன். "அம்மாயி, நீங்க நின்னுட்டீங்க" என்று பையன் சத்தம் போட்டான். எங்கள் பக்கம் அம்மாவின் அம்மா அம்மாயி, அம்மாவின் அப்பா அப்புச்சி. அன்றிலிருந்து அந்த அரை மணி நேரம் இந்த வீட்டில் கம்ப்யூட்டர், டி.வி. எதுவும் நெட்டில் ஓடாது. அவளுக்கு அது தெரியாது என்று நினைத்திருந்தேன்.

கீழே இறங்கி வந்தவள் அணைந்து கிடந்த கம்ப்யூட்டரைப் பார்த்தாள். இன்னிக்கும் நிறுத்தினீங்களா என்றாள். அப்படியானால் தெரிந்திருக்கிறது. பீரோவுக்குப் பக்கத்தில் போய் நின்று, உறையின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே சொன்னாள்.

"இதெ எடுத்துட்டா அவ இல்லாமப் போயிருவாளா? இதுல இருக்கறது நூலுதானுங்க. புள்ள ஓசூர்ல இருக்கறா."

ஜூன் 9, வெள்ளி

காலை 8.00. உறையைக் கழற்றினேன். வெளிப்பக்கத்தில் கிளி எப்படியோ இருக்கட்டும், உள்பக்கத்தைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. முடிச்சு மேல் முடிச்சு. ஒரு இடத்தில் பழுப்பாக ஒரு சின்னக் கறை, ஊசி குத்திய ரத்தம். சம்பூரணம் வாங்கிக்கொண்டு போய்ச் சோப்புத் தண்ணீரில் நனைத்தாள்.

காலை 8.10. நொடிக்கு மூன்று எம்.பி. மோடம் ஆறிவிட்டது. நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

காலை 9.50. முடிந்தது. நாற்பத்திரண்டும் வந்துவிட்டது. ஒரு பென் டிரைவிலும் பிரதி எடுத்து வைத்தேன். பிறகு இன்னொன்றிலும்.

அதன் பிறகு பார்க்க ஆரம்பித்தேன். மொத்தம் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. வேகமாக ஓட்டிப் பார்க்க மனம் வரவில்லை. எந்த இடத்தில் இருக்கும் என்று தெரியாது, ஓட்டினால் தவறிவிடும். சாப்பாட்டைத் தட்டில் போட்டு சம்பூரணம் இங்கேயே கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டு அவளும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

மூன்றாவது மணி நேரம், பன்னிரண்டாவது நிமிடம். மண்டப வாசலில் தமயந்தி வருகிறாள். அரக்கு நிறப் பட்டு. கொஞ்சம் இளைத்திருக்கிறாள், நெற்றி ஓரத்தில் இரண்டு மூன்று நரை. எனக்கு இந்த வயதில் வந்தது மாதிரியே அவளுக்கும் சீக்கிரம் வந்துவிட்டது. இடுப்பில் பையன். வாசலிலேயே நின்றுவிட்டாள். யாரையோ தேடுகிறாள். வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வருகிறாள்.

படத்தின் வலது ஓரத்தில் ஒரு வெள்ளைச் சட்டை எழுந்திருக்கிறது. நான்தான்.

அவள் உள்ளே வருவதற்கு முன்பே போய்விட்டேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இல்லை. நான் எழுந்ததையும் சமையல்கட்டுக் கதவை நோக்கி நடந்ததையும் அவள் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். முகத்தில் கோபம் இருக்கும் என்று பார்த்தேன், கோபம் இல்லை. பையனை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கி, என் பக்கம் விரலை நீட்டிக் காட்டிக் காதில் ஏதோ சொல்கிறாள். நாதசுரச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. பையன் சிரித்துக்கொண்டு என் முதுகைப் பார்த்துக் கையை ஆட்டுகிறான். கதவு சாத்திக்கொள்கிறது. அவன் அதன் பிறகும் ஆட்டிக்கொண்டே இருக்கிறான். அம்மா கையைப் பிடித்து இறக்கும் வரை ஆட்டுகிறான்.

பதினோரு முறை பார்த்தேன். அழுதேன். இதை எழுத வெட்கமாக இல்லை. ஆறு வருடம் அவள் வந்து என் காலில் விழ வேண்டும் என்று காத்திருந்தேன். மண்டபத்தில் முப்பதடி தூரத்தில் வந்து நின்றவளுக்கு என் முதுகைக் காட்டிவிட்டு, ஒரு குறையும் இல்லாத ஜெனரேட்டரைக் காவல் காத்திருக்கிறேன்.

மாலை 6.00. லிங்க்கை அழுத்திப் பார்த்தேன். இந்தப் பக்கம் இனி இல்லை என்று வந்தது.

மாலை 7.00. சம்பூரணம் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனாள். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, மாடியில் சரியாக எடுக்காது, மோடம் இங்கேதானே இருக்கிறது, இங்கேயே உட்கார்ந்து பேசு என்றேன். படியில் ஒரு காலை வைத்தவள் அப்படியே நின்றாள். பிறகு திரும்பி வந்து, பீரோவுக்குப் பக்கத்து நாற்காலியில், எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டாள். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

மணி அடித்தது. அவள் எடுத்துவிட்டாள். அம்மா, இன்னிக்கு என்ன இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது, எங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்று தமயந்தியின் குரல் கேட்டது. ஆறு வருடத்துக்குப் பிறகு இந்தக் கூடத்தில் கேட்கிறது. சம்பூரணம் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். நான் திரும்பிப் பார்க்காமல் அணைந்த திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது உண்மை.

அப்போது பையன் கேட்டான்.

"அம்மாயி, பின்னால இருக்கறது மண்டபத்து அப்புச்சியா?"

என் முகத்தை அவன் பார்த்ததே இல்லை. முதுகை வைத்துத்தான் என்னைத் தெரியும்.

நாற்காலியோடு திரும்பினேன். போனுக்குள் இரண்டு முகம், சின்னதாக, ஒரு தடங்கலும் இல்லாமல் தெளிவாகத் தெரிந்தது. கையைத் தூக்கி ஆட்டினேன். அவன் திருப்பி ஆட்டினான். அவன் நிறுத்தும் வரை நானும் நிறுத்தவில்லை.